பன்னிரண்டு பறவை குறைகிறது

பீம்ராவ் பறவை பார்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் சர்க்கரை வியாதி.

1997-ஆம் வருடம் டாக்டர் அவரைத் தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கச் சொன்னார். வியாசர்பாடியில் பிறந்து, வியாசர்பாடியிலேயே நாற்பத்தாறு வயதாகிவிட்ட ஒருவர் வியாசர்பாடியில் நாலு கிலோமீட்டர் நடப்பது ஆகாத காரியம். ஒவ்வொரு டீக்கடை வாசலிலும் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். "இன்னா ராவு, கண்டுக்காம போற" என்பார். நாலு கிலோமீட்டருக்கு ஆறு டீ. ஒரு மாதம் நடந்த பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். பீம்ராவ் தனக்குத் தெரிந்தவர் யாருமே இல்லாத ஓர் இடம் தேடி சைக்கிளை எடுத்தார்.

அப்படிக் கிடைத்ததுதான் மணலிச் சாலைக்குப் பின்னால் இருக்கும் சின்னமேட்டு ஏரி. ஒரு பக்கம் தொழிற்சாலை மதில், ஒரு பக்கம் உயர் அழுத்த மின்கம்பங்கள், நடுவில் தண்ணீர். காற்று கிழக்கே அடித்தால் மூச்சு விடலாம், மேற்கே அடித்தால் கைக்குட்டை வேண்டும். டீக்கடை கிடையாது. பீம்ராவுக்குப் பிடித்துப் போனது.

அவர் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கீப்பர். போல்ட், நட்டு, வாஷர், ரப்பர் பட்டை எல்லாவற்றையும் இருபத்திரண்டு வருடமாக எண்ணி அடுக்கி வைத்திருப்பவர். கண்ணெதிரே நிறைய சாமான் கிடந்தால் எண்ணாமல் விட அவரால் முடியாது. ஏரியில் முதல் நாள் கரையோரம் வெள்ளையாக அறுபத்தொன்று, தண்ணீரில் கறுப்பாக நூற்று நாற்பது என்று எண்ணினார். மறுநாள் கறுப்பில் பதினெட்டு குறைந்தது. ஸ்டோரில் பதினெட்டு குறைந்தால் விசாரணை வைப்பார்கள். அவரும் விசாரிக்க ஆரம்பித்தார். பழைய புத்தகக் கடையில் படம் போட்ட பறவைப் புத்தகம் ஒன்று வாங்கினார். வெள்ளையாக இருந்தது சின்னக்கொக்கு, கறுப்பாக இருந்தது நாமக்கோழி என்று தெரிந்தது. பர்மா பஜாரில் இரண்டாம் கை பைனாகுலர் ஒன்று வாங்கினார். அதில் இடது கண் மட்டும் தெரியும். கேமராவும் அதே கடையில்தான் வாங்கினார், அதே மாதிரி.

அவர் மனைவி கன்னியம்மாவுக்கு இது எதுவும் புரியவில்லை. "ஞாயித்துக்கெயமயாச்சும் வூட்ல குந்துயா" என்பாள். "காக்கா நம்ம மாடிலயே கீது. அத்த எண்ணேன்."

"காக்கா எண்ணிட்டேன். பதினாலு."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

இப்படியே போயிருந்தால் பீம்ராவ் உடம்பைக் குறைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் 1997 மழைக்குப் பிறகு ஏரியின் மேற்குக் கரையில் டிப்பர் லாரிகள் வர ஆரம்பித்தன. எங்கோ இடித்த கட்டடங்களின் செங்கல், சிமெண்ட் பாளம், கக்கூஸ் பீங்கான் எல்லாம் தண்ணீரில் இறங்கின. வாரத்துக்கு வாரம் கரை ஒரு முழம் உள்ளே நகர்ந்தது. பீம்ராவ் மனு எழுதினார். ஒர்க்‌ஷாப்பில் மனு எழுதிக் கைதேர்ந்தவர் அவர். மூன்றாவது மனுவுக்குப் பதில் வந்தது. மேற்படி இடம் பறவைகள் வாழும் நீர்நிலைகள் குறித்த எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை, ஆகையால் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று அதில் இருந்தது.

பட்டியல் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரியும். விசாரித்தார். நகரத்தின் தெற்குப் பக்கத்தில் விடியல் பறவை நோக்கர் சங்கம் என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஜனவரியும் ஏரி ஏரியாகப் போய்ப் பறவை எண்ணிப் பட்டியல் போடுவார்கள். அதை அரசாங்கமும் வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரே காலையில் ஐந்நூறு நீர்ப்பறவையாவது இருந்தால் அந்த ஏரி பட்டியலில் சேரும். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது இருந்தால் அது வெறும் தண்ணீர்.

பீம்ராவ் ஒரு ரோல் முழுக்கப் பறவைக் கூட்டத்தைப் படம் எடுத்து, டோல்கேட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் காஜா மொய்தீனிடம் கொடுத்தார். பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னார். காஜா மொய்தீன் கல்யாண ஆல்பத்தில் பேர் போனவர். மாப்பிள்ளை முகத்து அம்மைத் தழும்பை டச்சிங்கில் காணாமல் அடிப்பார். ஒரு வாரம் கழித்துப் பெரிய கவரில் எட்டுப் படம் கொடுத்தார். பீம்ராவ் ஒட்டியிருந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே சங்கத்துக்குத் தபாலில் அனுப்பினார்.

சங்கச் செயலாளர் ராமசுப்புவிடமிருந்து பதில் வந்தது. "படங்கள் கிடைத்தன. ஏரி மிக அழகாக உள்ளது. பறவைகள் வந்ததும் தெரிவிக்கவும்."

பீம்ராவ் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினார்.

"பாய், படத்துல பறவ எங்க?"

"எந்தப் பறவ?"

"தண்ணில கறுப்பு கறுப்பா இருந்துச்சே."

காஜா மொய்தீன் முகத்தில் ஒரு கலைஞனின் களைப்பு தெரிந்தது. "அதுவா. மூணு நாளு உக்காந்து எடுத்தேன் சார். உங்க நெகட்டிவ்ல அம்மாந்தூசி. ஒரு புள்ளி விடல. அதுக்குத் தனியா காசு கூட கேக்கல, பாத்துக்கோங்க."

அதற்கப்புறம் இரண்டு வருடம் பீம்ராவ் கடிதத்தின்மேல் கடிதமாகப் போட்டார். அதற்குள் மேற்குக் கரை பாதியாகிவிட்டது. ஒருவழியாக 2001 ஜனவரி மூன்றாவது ஞாயிறு காலை ஆறு மணிக்கு நேரில் வந்து எண்ணுவதாக ராமசுப்பு எழுதினார். அடுத்த வருடம் வரை பொறுத்தால் எண்ணுவதற்கு ஏரி மிஞ்சுமா என்பது பீம்ராவுக்குச் சந்தேகமாக இருந்தது. இந்த ஞாயிறு ஐந்நூறு வந்தாக வேண்டும்.

அன்று அவர் ஐந்தே முக்காலுக்கே கரையில் இருந்தார். அவருக்கு முன்னால் ஓர் ஆள் இருந்தது. பவுனம்மாள். திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்து மீன்காரம்மா. கடல்மீன் விற்ற குடும்பம். ஆனால் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் வஞ்சிரம் வாங்குகிற வீடு மாதத்தில் நாலு நாள்தான் இருக்கும். மற்ற நாளுக்கு ஏரி ஜிலேபி மீன்தான் போகும். அதை வாங்க விடியற்காலையில் இங்கே வருவாள். கடற்கரைக் குப்பத்துக்கு ஏரி மீன் கேவலம் என்பதால் இந்த விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது.

"இன்னா நைனா, இன்னிக்கு சட்டையெல்லாம் பெட்டி போட்டுகினு வந்துகீறே?"

"பெரிய மனுசங்க வராங்க யக்கா. பறவ எண்ண."

"அதுக்குக் கூடவா மவுண்ட் ரோடாண்டேந்து ஆளு வரணும்?"

தண்ணீர் நடுவில் மீன் பிடிக்கும் ஜெயவேல் லாரி டியூப்பில் குந்திக்கொண்டு வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கரை சேர இன்னும் நேரம் இருந்தது. பவுனம்மாள் அன்னக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீம்ராவ் எண்ண ஆரம்பித்தார்.

முதல் தடவை 497. இரண்டாம் தடவை 515. மூன்றாம் தடவை 509. குற்றம் முக்குளிப்பானுடையது. அது எண்ணுகிற நேரம் பார்த்து முழுகும், எண்ணி முடித்த இடத்தில் எழும்பும். ஸ்டோரில் எந்த நட்டும் அப்படிச் செய்ததில்லை.

ஆறு மணிக்கு வரவேண்டியவர்கள் ஏழு ஐந்துக்கு வந்தார்கள். டோல்கேட்டில் வழி தவறி எண்ணூர் வரை போய்த் திரும்பியிருந்தார்கள். வேனிலிருந்து ராமசுப்பு இறங்கினார். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. தொப்பி, கழுத்தில் விசில், கையில் கிளிப் போட்ட அட்டை. பின்னால் திலீப் என்ற இளைஞர், கைக்குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு லென்ஸைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"எண்ணிக்கை ஏழரைக்கு முடியணும் பீம்ராவ். அது விதி" என்றார் ராமசுப்பு. தாமதமாக வந்ததற்கு விதி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மூன்றுகால் ஸ்டாண்டை நிறுத்தி அதில் டெலஸ்கோப்பைப் பொருத்தி, கிழக்கு மூலையிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

திலீப் வேறு வேலையில் இருந்தார். துருப்பிடித்த குழாய்மேல் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. அதை நின்று ஒரு படம், குந்தி ஒரு படம், படுத்து ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே போனார். "சார், அந்தப் பீங்கானைக் கொஞ்சம் எடுத்துப் போட முடியுமா? ஃபிரேம்ல வருது" என்று பீம்ராவைக் கேட்டார். பீம்ராவ் மூன்று வருடமாக அரசாங்கத்தைக் கேட்டுவந்ததும் அதைத்தான். அவரே இறங்கி எடுத்துப் போட்டார்.

ராமசுப்பு முந்நூற்றுப் பத்து வரை வந்திருந்தார். ஏழு இருபத்தைந்துக்கு மேற்குக் கரையில் ஒரு டிப்பர் பின்பக்கமாக வந்து, தொட்டியைத் தூக்கி, அரை வீட்டை ஒரே சத்தத்தில் தண்ணீரில் கொட்டியது. ஏரி மொத்தமும் எழும்பியது. நாமக்கோழி, தட்டைவாயன், ஊசிவால் வாத்து எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி, மதிலைத் தாண்டிப் போய்விட்டன. தண்ணீரில் லாரி டியூப்பும் ஜெயவேலும் மட்டும் மிச்சம்.

"திலீப், கூட்டத்தை எடுத்தியா?"

"ரோல் முடிஞ்சுது சார். முப்பத்தாறும் மீன்கொத்தி."

ராமசுப்பு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனிதர். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "பீம்ராவ், இதுக்கு விதியில வழி இருக்கு. உள்ளூர்க்காரர் அதே காலையில எண்ணியிருந்தா அதை ஏத்துக்கலாம். ஒரே ஒரு எண். எழுதிக் கையெழுத்துப் போடணும். எண்ணினீங்களா?"

"எண்ணினேன் சார்."

"எவ்வளவு?"

மூன்று எண் இருந்தது. அதில் இரண்டு ஐந்நூறுக்கு மேலே. 509 என்று சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இருபத்தாறு வருட ஸ்டோர் அப்படி விடாது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எண்ணியவனுக்கே எண்ணிக்கை ஒத்துவராவிட்டால், அந்தச் சாமானோடு சம்பந்தமில்லாத வேறொருவரைக் கூப்பிட்டு எண்ணச் சொல்வார்கள். அவர் சொல்வதுதான் கணக்கு. பீம்ராவ் சுற்றுமுற்றும் பார்த்தார். காலையிலிருந்து கரையில் இருந்தது பவுனம்மாள் மட்டும்தான்.

"யக்கா, காலைல சும்மா பாத்துகினு இருந்தியே. எண்ணுனியா?"

"வல வர வரிக்கும் வேற இன்னா வேல? எண்ணுனேன்" என்றாள் பவுனம்மாள். "நானூத்தி எம்பத்தெட்டு."

திலீப் சிரித்தார். பீம்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வருடமாக அவளைப் பார்த்து வருகிறார். கரையில் கொட்டிய மீன் குவியலை ஒருமுறை கண்ணால் மேய்ந்து இத்தனை என்பாள். ஜெயவேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுவான். ஒரு நாளும் பிசகியதில்லை. முழுகி எழும்பும் கழுதைகளை அவர் இரண்டு முறை எண்ணியிருக்கலாம். அவள் கண் ஏமாறாது.

"நானூத்தி எண்பத்தெட்டு சார்" என்றார்.

ராமசுப்பு பேனாவைத் திறந்தார். "நிச்சயமாவா?"

"நிச்சயமா சார்."

எழுதினார். பீம்ராவ் கையெழுத்துப் போட்டார். "பன்னிரண்டுதான் குறையுது. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தோளைத் தட்டிவிட்டு ராமசுப்பு வேனில் ஏறினார். பசியில் இருந்தார்கள். மணலிச் சாலை முக்கில் இன்னாசி டீக்கடை இருப்பதை பீம்ராவே சொல்லி அனுப்பினார்.

வேன் போன பிறகு அவர் கரையில் உட்கார்ந்தார். ஜெயவேல் வந்து மீனைக் கோணிமேல் கொட்டினான். பவுனம்மாள் பார்த்துவிட்டு, "நூத்தி நாப்பது" என்றாள். ஜெயவேல் எண்ணிப் போட ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு என்று போய், இருபது வந்ததும் இன்னொரு மீனை ஒன்றும் சொல்லாமல் கூடைக்குள் எறிந்தான். மறுபடி ஒன்று, இரண்டு. இருபது. இன்னொரு மீன், சும்மா.

பீம்ராவ் இதை நாலு வருடமாகப் பார்த்து வந்திருக்கிறார். இன்றைக்குத்தான் எழுந்து நின்றார்.

"அது இன்னாபா, நடுவுல ஒண்ணு போட்டியே?"

"கொசுறு. இருபதுக்கு ஒண்ணு."

"எண்ண மாட்டியா அத்த?"

"கொசுற எவனாச்சும் எண்ணுவானா சார்" என்றான் ஜெயவேல்.

பீம்ராவ் பவுனம்மாள் பக்கம் திரும்பினார். "யக்கா. பறவய எப்டி எண்ணுன?"

"எப்பவும் எண்றா மாரிதான். இருபது இருபதா."

"இருபதுக்கு ஒண்ணு வுட்டியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வுட்டிருப்பேன். கண்ணு தானா அப்டித்தான் போவுது."

"பறவைக்கு இன்னாத்துக்கு யக்கா கொசுறு?"

"எனக்கு இன்னா தெரியும். நீதானே எண்ண சொன்னே. பறவைக்கு வேற கணக்குன்னு முன்னாடியே சொல்லணும்."

பீம்ராவ் குச்சியால் மண்ணில் போட்டுப் பார்த்தார். நானூற்று எண்பத்தெட்டில் இருபது என்பது இருபத்துநாலு தடவை, மேலே எட்டு. விட்டது இருபத்துநாலு. மொத்தம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

"யக்கா, சைக்கிள்ல குந்து."

"மீனு?"

"மீனையும் எடுத்துக்கோ."

மணலிச் சாலையில் அன்று காலை ஒரு ஸ்டோர் கீப்பர் சைக்கிளை மிதிக்க, பின்னால் ஒரு மீன்காரம்மா மடியில் அன்னக்கூடையோடு உட்கார்ந்திருக்க, மீன் தண்ணீர் பெட்டி போட்ட சட்டையின் முதுகை நனைத்துக்கொண்டே வந்தது. டாக்டர் பார்த்திருந்தால் மாத்திரையைக் குறைத்திருப்பார்.

வேன் இன்னாசி கடை வாசலில் நின்றிருந்தது. ராமசுப்பு டீயைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். வங்கியில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். கேட்டதை அப்படியே நம்புகிற பழக்கம் கிடையாது.

"இவங்க அப்படித்தான் எண்ணுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பவுனம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னா சார், பொய் சொல்றேன்றியா? மீனு வெயில்ல கீது. சட்டுனு சொல்லு, இன்னாத்த எண்ணணும்?"

கடைக்குள் பெரிய தட்டில் வர்க்கி குவிந்திருந்தது. ராமசுப்பு அதைக் காட்டினார். அவள் வாசலில் நின்றபடியே கண்ணால் மேய்ந்தாள். கை விரல் கட்டைவிரலில் நாலு முறை தட்டியது.

"எம்பது."

ராமசுப்புவும் திலீப்பும் தட்டை இழுத்து ஒவ்வொன்றாக எண்ணினார்கள். கடைக்காரர் இன்னாசி பக்கத்தில் வந்து நின்றார். "கை வச்சதெல்லாம் வாங்கிக்கணும் சார், சொல்லிட்டேன்."

எண்பத்துநாலு இருந்தது. திலீப் நம்பாமல் மறுபடி எண்ணினார். எண்பத்துநாலுதான்.

"நாலு இருபது. நாலு கொசுறு" என்றார் ராமசுப்பு மெதுவாக. அவர் முகத்தில், பல வருடத் தவறு ஒன்றைப் பேரேட்டில் பிடித்துவிட்ட ஆடிட்டரின் சந்தோஷம் வந்தது. "பறவையில மீதி எட்டுக்கு?"

"இருபது ரொம்பாம கொசுறு எவன் குடுப்பான்?" என்றாள் அவள்.

"ஏழரை தாண்டிட்டுது சார்" என்று திலீப் ஞாபகப்படுத்தினார்.

"எண்ணினது ஏழரைக்கு முன்னாடி. கூட்டினதுதான் இப்போ" என்றார் ராமசுப்பு. அட்டையை எடுத்து 488-ஐ அடித்துவிட்டு 512 என்று எழுதினார். "ஆனா இது இவங்க எண்ணிக்கை. இவங்க கையெழுத்தும் வேணும்."

பவுனம்மாள் ஒரு அடி பின்னால் போனாள். "இதுல போட்டா எங்கூட்டுக்கு எவனாச்சும் வருவானா?"

"வரமாட்டாங்க அம்மா. பறவை எண்ணினீங்கன்னு மட்டும்தான்."

"எந்த ஏரில எண்ணுனேன்னு போட்டுக்கீதா?"

"போட்டிருக்கு."

அவளுக்குச் சிக்கல் அங்கேதான். குப்பத்துக்குத் தெரிந்துவிடும். பீம்ராவைப் பார்த்தாள். அவர் சட்டை முதுகிலிருந்து மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பேனாவை வாங்கினாள். பவுனம்மாள் என்று எழுதி கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க இரண்டு நிமிடம் ஆனது. ராமசுப்பு எண்பத்துநாலு வர்க்கிக்கும் காசு கொடுத்தார்.

ஏப்ரலில் பட்டியல் அச்சாகி வந்தது. பதினேழாவது வரியில் சின்னமேட்டு ஏரி இருந்தது. பறவைகள் 512. எண்ணியவர்கள் பீம்ராவ், பவுனம்மாள். பீம்ராவ் அந்தப் பக்கத்தைப் பத்துப் பிரதி எடுத்து, ஒன்றை மனுவோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார். இந்தத் தடவை வேறு பதில் வந்தது. மனு பரிசீலனையில் உள்ளது, பறவைகள் எண்ணப்படும் நேரத்தில் மேற்படி இடத்தில் எதுவும் கொட்டக் கூடாது என்று லாரி உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது.

அரசாங்கம் அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான். அதை லாரிக்காரர்களும் மதிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிப்பர் வந்து மேற்குக் கரையில் நிற்கும். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார்.

"இன்னா சார், எண்ணி முட்சியா? நான் கொட்டலாமா?"

"இன்னும் இல்லப்பா. ஒண்ணு முழுகிடுச்சு. மறுபடி மொதல்லேந்து" என்பார் பீம்ராவ்.

டிரைவர் ஒரு பீடி பிடிப்பார். இரண்டாவதும் பிடிப்பார். மூன்றாவது பீடிக்குள் பெரும்பாலும் பொறுமை போய், வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு பள்ளம் தேடிப் போய்விடுவார். பீம்ராவ் மற்ற ஆறு நாளும் ஷிப்டுக்கு முன்னால் வந்து எண்ணுகிறார். எண்ணி முடிக்கிற உத்தேசம் அவருக்கு இல்லை.